மூன்று ராத்திரி, ஒரே படுக்கை

காரில் ஒரு வாரம், பத்து நாள் என்று குடும்பத்தோடு நெடுந்தூரம் கிளம்புகிறவர்கள், நடுவில் வருகிற சனி, ஞாயிறை ஏதாவது ஒரு நகரத்தில் முழுசாக உட்கார்ந்து கழிக்க வேண்டும் என்பது என் கட்சி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியை இறக்கினால் திங்கட்கிழமை காலையில்தான் மறுபடி ஏற்ற வேண்டும். நடுவில் வண்டிச் சாவி ஆணியில் தொங்க வேண்டும். எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது யாரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "ஏழு நாள் லீவுல ரெண்டு நாளை ஒரே ஊர்ல கொட்டறதாப்பா?" என்றான் மகன். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நம் ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நாம் எல்லோரும் வாராவாரம் பார்க்கிற காட்சிதான். வெள்ளிக்கிழமை ராத்திரி முதல் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகவும் திண்டிவனம் வழியாகவும் வண்டிகள் வர ஆரம்பித்துவிடும். கர்நாடகப் பதிவெண், ஆந்திரப் பதிவெண், கொங்கு நாட்டு வண்டிகள். பாதிப் பேருக்குப் புதுச்சேரி ஒரு நீண்ட சுற்றில் ஓர் இடம். நேற்று மாமல்லபுரம், இன்று இங்கே, நாளை சிதம்பரம், மறுநாள் தஞ்சாவூர். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் சுஃப்ரேன் வீதி, துய்மா வீதிப் பக்கம் போனால் மஞ்சள் சுவர் ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டு நிற்கும். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மஞ்சள் சுவர் அழகாகத்தான் இருக்கிறது.

என் கண் போவது நிறுத்தி வைத்த வண்டிகளுக்குள்ளே. நீங்களும் கவனித்துப் பாருங்கள். பத்து வண்டிக்கு இரண்டு வண்டியில், முன் இருக்கையில், கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். அல்லது ஒரு பெரியம்மா, மடியில் பிஸ்கட் பொட்டலத்தோடு. மற்றவர்கள் இறங்கிப் போயிருப்பார்கள். பெட்டியோடு பெட்டியாக அவர்.

ஒரு நாள் அப்படி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஈரோட்டுப் பக்கம். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார். முட்டியில் கோளாறு. "நான் இறங்கி, நடந்து, ஏறுறதுக்குள்ள அவங்க அடுத்த எடத்துக்குப் போயாகணுங்க. நான் இங்கியே இருந்துக்கிறேன், காத்து வருது" என்றார். ஊரைவிட்டுக் கிளம்பி நான்கு நாள் ஆகிவிட்டதாம். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நீங்க இந்த ஊருங்களா? ஊரு எப்படிங்க?" என்று கேட்டார். கடற்கரை அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது.

பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு வர மனசில்லாமல்தான் கூட்டி வந்திருக்கிறார்கள். கெடுத்தது அந்தப் பட்டியல். ஒரு நாளைக்கு ஓர் ஊர் என்று போட்டுவிட்டால், மெதுவாக நடக்கிறவருக்கு அந்தக் கணக்கில் இடமே இருக்காது.

நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அங்கே கற்ற சொற்களில் எனக்குப் பிடித்த ஒன்று 'எத்தாப்'. இப்போது அதற்குப் பயணத்தின் ஒரு கட்டம், ஒரு பகுதி என்று பொருள் சொல்வார்கள். சைக்கிள் பந்தயத்தில் ஒரு நாள் ஓட்டத்தையும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் பழைய பொருள் வேறு. படை நடந்து போகும்போது வழியில் அதற்கு வேண்டிய தானியமும் தீவனமும் சேர்த்து வைத்திருந்த இடம்தான் எத்தாப். பிறகு படை ராத்திரி தங்குகிற இடத்துக்கு அந்தப் பெயர் வந்தது. கடைசியில்தான் இரண்டு தங்கலுக்கு நடுவே உள்ள தூரத்துக்கு வந்தது. தங்கும் இடத்தின் பெயர் ஓடும் தூரத்தின் பெயராகிவிட்டது. நம் பக்கத்துச் சத்திரமும் சாவடியும் அப்படித்தான் போயின. சாவடி என்கிற பெயர் பேருந்து நிறுத்தப் பலகையில் இருக்கிறது. படுக்கத் திண்ணை இல்லை.

இன்னொன்று. முன்பு சாலை ஊருக்குள்ளே போயிற்று. பெங்களூரிலிருந்து மைசூர் போகிறவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர், மாண்டியா எல்லாவற்றின் கடைத்தெருவையும் பார்த்துவிடுவான். சென்னபட்டணத்தில் மரப்பொம்மை வாங்குவான், மத்தூரில் வடை தின்பான். 2023 மார்ச்சில் புது விரைவுச் சாலை திறந்தார்கள். நல்ல சாலை, குறை சொல்ல மாட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆனால் ஓர் ஊரையும் தொடுவதில்லை. இருபக்கமும் வேலி. பிரான்சில் இருந்த என் சித்தப்பா, பழைய சொல்தா, இதே கதையை அந்த நாட்டைப் பற்றிச் சொல்வார். பாரிஸிலிருந்து தெற்கே கடற்கரைக்குப் போக ஏழாம் எண் தேசியச் சாலை என்று ஒன்று. ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். கோடை விடுமுறையில் பாரிஸே அதன் வழியாகத்தான் வழியும். மோந்தெலிமார் என்கிற ஊர் தெரு நடுவிலேயே வண்டிகள் நிற்கும், கடைக்காரர்கள் நுகா மிட்டாயை வண்டி ஜன்னல் வழியாக விற்பார்கள். பிறகு ஊருக்கு வெளியே விரைவுச் சாலை வந்தது, மிட்டாய்க் கடைகள் ஈயோட்டின. மத்தூர் வடைக்கும் மோந்தெலிமார் நுகாவுக்கும் ஒரே ஜாதகம்.

அதனால் நான் சொல்வது இதுதான். வழியில் ஊர்கள் இல்லாமல் போன காலத்தில், எங்காவது வேண்டுமென்றே இறங்கித் தங்கினால்தான் ஊரும் மனிதர்களும் கண்ணில் படுவார்கள். இல்லாவிட்டால் ஏழு நாள் பயணம் முடிந்து திரும்பும்போது நாம் பார்த்த மனிதர்கள் சுங்கச்சாவடிக்காரரும் பெட்ரோல் போடுகிறவரும்தான்.

இனி எங்கள் பயணம். போன வருஷம் நவம்பர் 1 சனிக்கிழமையில் வந்தது. நமக்கு விடுதலை நாள். மகன் சென்னையில் வேலை பார்க்கிறான், ஒரு வாரம் லீவு போட்டான். நான் எண்பதுகளில் மூன்று வருஷம் மாஹேயில் உத்தியோகம் பார்த்தேன் என்பது இதைப் படிக்கிற பலருக்குத் தெரியும். அந்த ஊரை ஒருமுறை பேத்திக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. மகன் போட்ட திட்டம் இப்படி: முதல் நாள் பெங்களூர், இரண்டாம் நாள் காலை மைசூர் அரண்மனை, மாலை வயநாடு, மூன்றாம் நாள் மாஹே, நான்காம் நாள் கொச்சி, ஐந்தாம் நாள் மூணாறு, பிறகு மதுரை, வீடு. ஏழு நாளில் ஆறு படுக்கை. மைசூர் அரண்மனையை மூன்று மணிக்குள் பார்த்து முடித்தாக வேண்டும், ஏனென்றால் குண்டலுப்பேட்டை தாண்டி பந்திப்பூர் காட்டு வழியை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடிவிடுகிறார்கள். யானைக்கும் புலிக்கும் ராத்திரி நிம்மதி வேண்டும் என்று ஏற்பாடு. மனிதனுக்கு அந்த ஏற்பாடு கிடையாது.

நான் முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவன். வாய்ச்சொல் செல்லாது, குறிப்பு எழுதி வைத்தால்தான் நடவடிக்கை என்பது தெரியும். ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதினேன். பொருள்: பயணத் திட்டம், மாற்றம் கோருதல். முன்மொழிவு: வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று இரவும் மைசூர், திங்கள் மாஹே, அங்கே இரண்டு இரவு, வயநாடும் மூணாறும் நீக்கப்படலாம். காரணங்கள் ஐந்து. மகன் படித்துவிட்டு "பார்க்கலாம்" என்றான். கோப்பு நிலுவையில் வைக்கப்பட்டது. மருமகள்தான் மறுநாள் மேலொப்பம் போட்டாள். ஏன் என்பது பிறகு சொல்கிறேன்.

எல்.டி.சி. பில்களைச் சில வருஷம் நான் சரிபார்த்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சொந்த ஊர், நான்கு வருஷத்துக்கு ஒருமுறை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும். குறைந்த தூர நேர்வழிக்கு மட்டும் கட்டணம். சுற்றிப் போனால் கூடுதலை நாம்தான் ஏற்க வேண்டும். தங்குவதற்கோ சாப்பாட்டுக்கோ போன ஊரில் சுற்றுவதற்கோ ஒரு காசு கிடையாது. அந்த விதிகள் நம் தலைமுறைக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்துவிட்டன. போனதுதான் பயணம், இருந்தது பயணம் ஆகாது. கன்னியாகுமரி போய்ச் சேர்ந்து, சூரியனைப் பார்த்து, டிக்கெட்டைப் பத்திரப்படுத்திக்கொண்டு அன்றைக்கே திரும்பியவர்களின் பில்லில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நம் பிள்ளைகள் இந்தப் பழக்கத்தை எங்கே கற்றார்கள் என்று தேடினால் வெகு தூரம் போக வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலை 5 மணிக்குக் கிளம்பினோம். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், கிருஷ்ணகிரி, ஓசூர். சுமார் 450 கிலோமீட்டர். மழை செங்கம் வரைக்கும் வந்தது. நான்கு மணிக்கு மைசூரில் அறைக்குப் போய்விட்டோம். அன்றைக்கு எங்கேயும் போகவில்லை. கீழே போய்க் காப்பி குடித்தோம், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை ஊரெங்கும் மஞ்சள் சிவப்புக் கொடி. கர்நாடக ராஜ்யோத்சவம். 1956-இல் மாநிலம் உருவான நாள். 2014-இல் அதே நாளில்தான் மைசூர் என்பதை அதிகாரபூர்வமாக மைசூரு ஆக்கினார்கள். பேத்தி "எதுக்குத் தாத்தா கொடி?" என்று கேட்டாள். நமக்கும் இன்றைக்குத்தான் கொடி என்று சொல்ல ஆரம்பித்தேன். 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் கூடி 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றும் 8 பேர் வேண்டாம் என்றும் ஓட்டுப் போட்டது, நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது, ஆனால் சட்டப்படி முடிய 1962 ஆகஸ்ட் 16 வரை ஆனது, அதுவரை நான் எந்த நாட்டுப் பையன் என்று என் அப்பாவுக்கே சரியாகச் சொல்லத் தெரியாதது, எல்லாம். நம் ஊரில் இருக்கும்போது பத்து வருஷமாக இதை அவளிடம் சொல்ல வாய்க்கவில்லை. பக்கத்து மாநிலத்துக் கொடியைப் பார்த்துத்தான் கேட்டாள். கேட்டபோது எங்களுக்குப் போக வேண்டிய அடுத்த இடம் எதுவும் இல்லை. அதனால் சொல்லி முடிக்க முடிந்தது.

சாமுண்டி மலைக்கு மகனும் பேத்தியும் படியேறினார்கள். சுமார் ஆயிரம் படி. பாதிக்கு மேலே ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தி இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு வேலை. நாங்கள் மூன்று பேரும் நகரப் பேருந்தில் போனோம். அந்த மாநிலத்துப் பெண்களுக்கு 2023 முதல் அரசுப் பேருந்தில் கட்டணம் இல்லை. நடத்துநர் என் மனைவியிடம் ஆதார் கேட்டார். புதுச்சேரி என்று பார்த்ததும் சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழித்தார். காரை எடுத்திருக்கலாமே என்பீர்கள். எடுத்திருந்தால் நடத்துநர் சிரித்திருக்க மாட்டார்.

அரண்மனையைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை, எல்லோரும் எழுதியாயிற்று. பழைய மர அரண்மனை 1897-இல் ஒரு கல்யாணத்தின்போது எரிந்துபோய், ஹென்றி இர்வின் என்கிற துரை வரைபடம் போட்டு 1912-இல் இப்போதிருப்பதைக் கட்டி முடித்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்திலும் அவர் கை உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். முட்டி வலிக்காரர்கள் காலுறை எடுத்துப் போங்கள்.

சொல்ல வேண்டியது தேவராஜா மார்க்கெட்டைப் பற்றி. என் மனைவிக்குச் சர்க்கரை, கூடவே இடது முட்டி. எந்த ஊருக்குப் போனாலும் பத்து நிமிஷம் நடப்பாள், பிறகு "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்க ஒக்காந்திருக்கேன்" என்பாள். சனிக்கிழமை மாலை மார்க்கெட்டுக்குள் போனோம். குங்குமமும் வண்ணப்பொடியும் கோபுரம் கோபுரமாகக் குவித்திருக்கிறார்கள். மைசூர் வெற்றிலை, நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழம், மல்லிகை. மூன்றுக்கும் புவிசார் குறியீடு உண்டு. ஒரு பூக்காரம்மா முன்னால் என் மனைவி நின்றாள். அவர்கள் 'மொள' என்கிறார்கள், நம் முழம்தான். அந்த அம்மாவுக்குத் தமிழ் நன்றாக வந்தது. அவர் முழங்கை சின்னதா, என் மனைவியின் முழங்கை பெரியதா என்று அளந்து பார்த்துச் சிரித்தார்கள். இரண்டு முழம் வாங்கினாள். வந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளே, "மார்க்கெட்டுக்குப் போலாமா?" என்றாள். போனோம். அந்தப் பூக்காரம்மா தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "நேத்து வந்தீங்கல்ல, வாங்கம்மா" என்று ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். என் மனைவி உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம். அந்த அம்மாவின் மகள் கல்யாணம், வெற்றிலை விலை, எந்தக் கோயிலுக்கு எந்த நாள் கூட்டம், முட்டிக்கு என்ன தைலம், எல்லாம் பேசினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகி நாற்பத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ ஊர் கூட்டிப்போயிருக்கிறேன். ஒரு வெளியூரில் ஒருவர் அவளைப் பார்த்து "நேத்து வந்தீங்கல்ல" என்று கேட்டது எனக்கு நினைவில்லை. கேட்டிருக்க முடியாது, மறுநாள் நாங்கள் எந்த ஊரிலும் இருந்ததில்லை.

என் கட்சிக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் என்னிடம் இல்லை. முதல் நாள் நாம் வந்தவர்கள். இரண்டாம் நாள் காலை நம்மைத் தெரிந்த ஒருவராவது அந்த ஊரில் இருப்பார். காப்பிக் கடைக்காரர் சர்க்கரை போடாமல் கொடுப்பார். இன்னும் இரண்டு மணி நேரம் தள்ளி இன்னொரு அரண்மனை பார்த்தால் கிடைக்கிற பொருள் இல்லை இது.

அன்றைக்குப் பிற்பகல் பதினைந்து கிலோமீட்டர் போய் ஸ்ரீரங்கப்பட்டணம் பார்த்தோம். அது என் ஆசை, ஒளிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கோலுவா மக்கள்தான் நம் முன்னோர் என்று சொல்லித்தந்த அதே புத்தகங்களில், திப்பு சுல்தான் பிரெஞ்சுக்காரரின் நண்பராக வருவார். 1787-இல் அவர் தூதர்கள் மூன்று பேர் நம் புதுச்சேரியில்தான் கப்பலேறினார்கள். 1788 ஆகஸ்டில் வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயியைப் பார்த்தார்கள். அடுத்த வருஷமே லூயியின் கதை என்ன ஆயிற்று என்பது தெரிந்ததுதான், உதவி ஒன்றும் வரவில்லை. 1784-இல் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் சுவர் முழுக்கப் பொள்ளிலூர்ப் போர் ஓவியம். பொள்ளிலூர் எங்கே என்று நினைக்கிறீர்கள், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில். 1780-இல் ஹைதரும் திப்புவும் ஆங்கிலேயரை முறித்த இடம். ஓவியத்தில் லல்லி என்கிற பிரெஞ்சு அதிகாரி தொலைநோக்கியோடு நிற்கிறார். நம் ஊரைப் பறிகொடுத்த லல்லி தொல்லாந்தால் வேறு ஆள், குழப்பிக்கொள்ள வேண்டாம். பேத்திக்கு லல்லியைவிட யானைகள் பிடித்திருந்தன.

மருமகள் எங்களோடு வரவில்லை. அவள் தனியாக ஜகன்மோகன் அரண்மனைச் சித்திரசாலைக்குப் போனாள். ரவிவர்மா படங்கள் இருக்கின்றன. கையில் விளக்கேந்திய பெண் ஒருத்தியின் படம் இருக்கிறது, அதை ரவிவர்மா வரைந்தது என்று பாதிப் பேர் நினைப்பார்கள், வரைந்தவர் ஹல்தங்கர். அதன் முன்னால் வெகு நேரம் நின்றதாகச் சொன்னாள். கோப்பில் அவள் ஏன் மேலொப்பம் போட்டாள் என்றேனே, காரணம் இதுதான்: ஒவ்வொரு ராத்திரியும் ஓர் ஊர் என்றால், ஒவ்வொரு காலையும் ஐந்து பேர் துணியை மடித்து, ஈரத் துண்டைத் தனியாகச் சுற்றி, சார்ஜர் நாலும் இருக்கிறதா என்று எண்ணி, அத்தையின் இன்சுலினை ஐஸ் பையில் வைத்து, குழந்தைக்கு மாற்றுடை மேலே வருகிற மாதிரி பெட்டி அடுக்குவது அவள். நாம் எல்லோரும் "கிளம்பலாமா?" என்று வாசலில் நின்று கேட்போம். மூன்று ராத்திரி ஒரே அறை என்றால் அவளுக்கு இரண்டு காலை மிச்சம். இன்சுலின் குளிர்ப்பெட்டியில் இருந்த இடத்தில் இருந்தது. துவைத்த துணி காய்ந்தது.

வண்டி ஓட்டுகிறவனையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். மகன் ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை மணிவரை தூங்கினான். சென்னையில் வாரம் முழுக்க வேலை, இங்கே வந்தால் 450 கிலோமீட்டர் ஓட்டம். நாம் பின்னால் உட்கார்ந்து தூங்கி வழிகிறோம், அவன் தூங்க முடியாது. திங்கட்கிழமை விராஜ்பேட்டை தாண்டி மாக்கூட்டம் மலை இறக்கத்தில் அந்த வளைவுகளில் அவன் வண்டி ஓட்டியதைப் பார்த்தபோது, அந்த ஒன்பதரை மணித் தூக்கம் எங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்துத் தூங்கியது என்று தோன்றிற்று.

ஞாயிறு மாலை 7 மணிக்கு அரண்மனையில் விளக்கு போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் இது உண்டு. ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான பல்புகள், ஒரே நொடியில். கூட்டத்தோடு தரையில் உட்கார்ந்து பார்த்தோம். மனைவி தலையில் காலையில் வாங்கிய பூ. "நம்ம ஊரு மெர்ரி கட்டடத்துலயும் இப்படி ஒரு நாள் போடலாம்" என்றாள். மறுபடி கட்டிய பிறகு அது நன்றாகத்தான் இருக்கும்.

செலவு குறையும் என்று நான் சொல்ல மாட்டேன். குறையவில்லை. நம் ஊரைப் போலவே அங்கேயும் சனி, ஞாயிறு அறை வாடகை ஏறித்தான் இருக்கிறது. பெட்ரோலில் மிச்சமானது அறையில் போயிற்று. பேத்தி மூணாறு பார்க்கவில்லை. வகுப்புத் தோழி பார்த்திருக்கிறாளாம், ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அதெல்லாம் உண்மை. இருபது வயதுப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து போனால் நாளுக்கு ஓர் ஊர் போகட்டும், அவர்களுக்கு முட்டி இருக்கிறது. நான் பேசுவது ஒரே வண்டியில் எட்டு வயதும் எழுபத்தைந்து வயதும் சேர்ந்து போகிற குடும்பத்தைப் பற்றி.

என் வயதுக்காரர்களிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. பிள்ளைகள் கூப்பிட்டால், "எனக்கு ஒண்ணும் வேணாம்பா, உங்க இஷ்டம்" என்கிறோம். பிறகு மூன்றாம் நாள் வண்டியில் உட்கார்ந்துகொண்டு முகம் சுளிக்கிறோம். அல்லது, "நீங்க போய்ட்டு வாங்க, நாங்க வீட்டைப் பாத்துக்கறோம்" என்று பெரிய மனசு பண்ணிவிட்டு, அவர்கள் போன பிறகு தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறோம். இரண்டும் வேண்டாம். கிளம்புவதற்கு முன்னாலேயே வாயைத் திறந்து கேளுங்கள். எத்தனை மணிக்கு ஒருமுறை வண்டி நிற்க வேண்டும், கழிவறை எங்கே, எந்த ஊரில் தங்கல் என்று கேட்பதில் என்ன வெட்கம்? அவர்கள் நம் மனசைப் படிக்கிற ஜோசியக்காரர்கள் இல்லை. குறிப்பு எழுதிக் கொடுங்கள். நிலுவையில் வைத்தால் மருமகள் வழியாக அனுப்புங்கள்.

நம் ஊருக்கும் இதில் பங்கு இருக்கிறது. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை நிறுத்திவிடுவது நாடே மெச்சுகிற ஏற்பாடு. அங்கே உட்காரவும் இடம் இருக்கிறது. ஆனால் உள்ளே, வெள்ளைக்காரத் தெருக்களில், பாரதி பூங்காவை விட்டால் பெரியவர் ஒருவர் உட்கார ஒரு பலகை உண்டா? வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வைசியாள் வீதியில், திண்ணையும் தூணுமாகப் பழைய வீடுகளைச் சீர்படுத்தி வைத்திருக்கிறார்கள். திண்ணையில் இரும்பு வேலி. சுத்தமான கழிவறை எத்தனை? நூறு அடிக்கு ஒரு கல்பலகை போட்டால், அந்த ஈரோட்டுக்காரர் வண்டியிலிருந்து இறங்கி, பலகை பலகையாக உட்கார்ந்து உட்கார்ந்தே கடல்வரைக்கும் வந்திருப்பார். அறை வாடகையைப் பற்றி யோசிக்கிறவர்கள் பலகையைப் பற்றியும் யோசிக்கலாம்.

மாஹேயைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், அங்கே நான் குடியிருந்த வீட்டு மாடிப்படியில் பேத்தி உட்கார்ந்தது முதல். அது அடுத்த முறை.

இப்போது வீட்டில் வேறு பேச்சு நடக்கிறது. பொங்கலை ஒட்டி ஏனாம் போகலாமா என்று மகன் கேட்டிருக்கிறான். 800 கிலோமீட்டருக்கு மேல். சனி, ஞாயிறு எங்கே என்று இந்த முறை அவனாகவே கேட்டான். விஜயவாடா என்கிறாள் மருமகள், ராஜமுந்திரி என்கிறேன் நான். மனைவியின் நிபந்தனை ஒன்றுதான்: அறையிலிருந்து நடக்கிற தூரத்தில் பூ மார்க்கெட் இருக்க வேண்டும். ஏனாமில் உத்தியோகம் பார்த்த நண்பர்கள் நம்மில் நாலைந்து பேராவது இருக்கிறீர்கள். எந்த ஊர் தோது என்று எனக்கு எழுதுங்கள்; படி இல்லாத அறை, மேற்கத்தியக் கழிவறை, காலையில் சீக்கிரம் திறக்கிற காப்பிக் கடை, இவை எங்கே கிடைக்கும் என்றும் சேர்த்து எழுதுங்கள். கார்த்திகைக்குள் குறிப்பு போட்டாக வேண்டும்.